ஏழு வார வேலைக்கு 600 பேர்: போக்கர் போட்டிகளின் பயண டீலர்கள்

ஜூலை மாதத் தொடக்கம், லாஸ் வேகாஸ். வெளியே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொளுத்துகிறது. உள்ளே, குளிரூட்டப்பட்ட மாநாட்டு அரங்குகளில் ‘வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்’ தொடரின் முதன்மைப் போட்டி நடக்கிறது. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கூட்டம் பெரியது என்பதால் தொடக்கச் சுற்றை நான்கு நாட்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் தமக்கு வசதியான ஒரு நாளில் வந்து உட்காரலாம். பெரும்பாலோர் நான்காவது நாளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அந்த ஒரு நாளில் 4,000 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். மேசைக்கு 9 பேர் என்றால் 445 மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் சீட்டைக் கலைத்துப் போட ஒரு டீலர் வேண்டும். டீலருக்கு ஓய்வும் வேண்டும். மூன்று மேசைக்கு நான்கு டீலர்கள் என்பது ஓரளவு நியாயமான கணக்கு. அப்படியானால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 600 பேர் பணியில் இருக்க வேண்டும். அதே நாளில் பக்கத்து அரங்கில் நடக்கும் சிறு போட்டிகளும், பணம் வைத்து ஆடும் மேசைகளும் இதில் சேரவில்லை. இரவு நேரத்துக்கு வரும் அடுத்த அணியும் சேரவில்லை.

லாஸ் வேகாஸின் எந்தச் சூதாட்ட விடுதியிலும் 600 நிரந்தரப் போக்கர் டீலர்கள் கிடையாது. அங்கே ஆண்டு முழுவதும் சில பத்து மேசைகளை நடத்தும் போக்கர் அறையே பெரிய அறை. அப்படியென்றால் இந்த 600 பேர் எங்கிருந்து வருகிறார்கள், வேலை முடிந்ததும் எங்கே போகிறார்கள், இடையில் யார் செலவில் வாழ்கிறார்கள்? பரிசுத்தொகை எத்தனை கோடி என்று எழுதும் செய்திகளில் இந்தக் கேள்விகள் இடம்பெறுவதில்லை. அந்தப் போட்டி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் இவைதான் என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் இப்படி ஒரு சிக்கலே இல்லை. 1970இல் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் இந்தத் தொடர் தொடங்கியபோது வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். முதன்மைப் போட்டியில் ஆட்டக்காரர் எண்ணிக்கை நூறைத் தாண்டியதே 1982இல்தான். அந்த ஆண்டு 104 பேர் ஆடினார்கள். விடுதியின் சொந்த டீலர்களும், பக்கத்து விடுதிகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்களும் அதற்குப் போதுமானவர்களாக இருந்திருப்பார்கள். 2003இல் 839 பேர் ஆடிய போட்டியில், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் வென்றார். 25 லட்சம் டாலர் அவர் கைக்குப் போனது. நாமும் ஆடலாமே என்ற ஆசை உலகெங்கும் பற்றிக்கொண்டது. மறு ஆண்டு 2,576 பேர், அதற்கடுத்த ஆண்டு 5,619, 2006இல் 8,773. மூன்றே ஆண்டுகளில் கூட்டம் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. பழைய விடுதியில் இடம் போதாமல் 2005இல் தொடர் ரியோ விடுதிக்கு மாறியது. 2022இலிருந்து பாலிஸ் (இப்போது அதன் பெயர் ஹார்ஸ்ஷூ; பழைய பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ வேறு), பாரிஸ் என்ற இரு விடுதிகளில் நடக்கிறது. 2024இல் முதன்மைப் போட்டிக்கு வந்தவர்கள் 10,112 பேர். நுழைவுக் கட்டணம் குறைந்த போட்டிகளுக்கு வரும் கூட்டம் இதைவிடப் பெரிது. 2019இல் 500 டாலர் கட்டணத்தில் நடந்த ‘பிக் 50’ போட்டியில் 28,371 பதிவுகள்.

மேசைகளை வாடகைக்கு எடுக்கலாம், நாற்காலிகளை அடுக்கலாம், சீட்டுக் கட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம். கையில் தொழில் பழகிய மனிதரை அப்படி வாங்க முடியாது.

எண்ணிக்கையைவிடச் சிக்கலானது தேவையின் வடிவம். ஒரு போக்கர் போட்டி தலைகீழ் முக்கோணம் போன்றது. காலையில் மேசைகள் நிரம்பியிருக்கும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோற்று வெளியேற, மீதிப் பேரை ஒன்றுசேர்த்து மேசைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வருவார்கள். நண்பகலில் 445 மேசைக்கு ஆள் வேண்டியிருந்த அரங்கில் நள்ளிரவில் அதில் ஒரு பங்குக்குத்தான் வேலை இருக்கும். ஓர் உணவகத்தில் கூட்டம் வரும் நேரத்தை அனுபவத்தில் கணித்துவிடலாம். இங்கே நாளை எத்தனை பேர் பதிவு செய்வார்கள் என்பதே நாளைக்குத்தான் தெரியும். பதிவு பல மணி நேரம் திறந்திருக்கும். தோற்றவர் மறுபடி கட்டணம் கட்டி நுழையும் போட்டிகளும் உண்டு. குறைத்துக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஒரு பாடம். அந்த ஆண்டு முதன்மைப் போட்டியின் கடைசித் தொடக்க நாளில் இடமில்லாமல் நூற்றுக்கணக்கானோர் பணத்தோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். கூட்டிக் கணித்தால் டீலர்கள் ஓய்வறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சும்மா உட்காரும் நேரத்தின் விலையை யார் தருவது என்பதில்தான் இந்த வேலைமுறை முழுவதும் தங்கியிருக்கிறது.

டீலர்களின் நாள் அரைமணித் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு மேசையில் ஏறக்குறைய அரைமணி நேரம் உட்காருவதை அவர்கள் ‘டவுன்’ என்கிறார்கள். டீலரின் இருக்கை ‘பாக்ஸ்’. நேரம் முடிந்ததும் அடுத்தவர் பின்னால் வந்து தோளைத் தொடுவார். நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் முடிந்ததும், உட்கார்ந்திருப்பவர் இரு உள்ளங்கைகளையும் விரித்து, கையில் பந்தயத்துக்கு வைக்கும் வட்டச் சில்லு எதுவும் ஒட்டவில்லை என்று மேலிருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டு எழுவார். இந்தக் கைமாற்றத்துக்குப் ‘புஷ்’ என்று பெயர். வரிசையில் அடுத்த மேசைக்கு, அதற்கடுத்த மேசைக்கு என்று நகர்ந்து, மூன்று டவுனுக்குப் பிறகு ஒரு ஓய்வு. எட்டு மணி நேர வேலையில் இந்தக் கணக்குப்படி 12 டவுன்கள் தேறும். மேசைகள் குறையும்போது மேற்பார்வையாளர் ஒரு பட்டியலைத் திறப்பார். சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புபவர்கள் அதில் பெயர் எழுதலாம். விரும்புபவர்கள் தீர்ந்த பிறகு விரும்பாதவர்களையும் அனுப்புவார்கள். டவுன் கணக்கில் சம்பாதிக்கும் ஒருவர் 12 எதிர்பார்த்து வந்து 6 டவுனோடு திரும்பினால், அன்றைய வருமானம் பாதி. அறை வாடகை பாதியாவதில்லை.

வருமானம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதன்மைப் போட்டிக்கு ஆட்டக்காரர் கட்டும் 10,000 டாலரில் 2023இலும் 2024இலும் பரிசுக்குப் போனது 9,300. மீதி 700 டாலரில் ஒரு பகுதி நடத்துபவரின் கட்டணம். இன்னொரு பகுதி டீலர்கள் உள்ளிட்ட போட்டி ஊழியர்களுக்கான நிதி. பணம் வைத்து ஆடும் மேசையில் வென்றவர் டீலருக்கு அன்பளிப்பாக ஒரு சில்லைத் தள்ளிவிடுவார்; அந்த ‘டோக்’ பல விடுதிகளில் அந்த டீலருக்கே சொந்தம். போட்டி மேசையில் இருக்கும் சில்லுக்குப் பண மதிப்பு கிடையாது, தள்ளிவிட எதுவும் இல்லை. அதனால்தான் அன்பளிப்பை நுழைவுக் கட்டணத்திலேயே முன்கூட்டிப் பிடித்து, ஒரு பொதுக் குடத்தில் சேர்த்து, மொத்தம் போடப்பட்ட டவுன்களால் வகுத்துக் கொடுக்கிறார்கள்.

வகுத்தல் எளிது. எந்தக் குடத்தை எதோடு சேர்ப்பது என்பதுதான் நுட்பம். பிடித்தம் 3 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 500 டாலர் போட்டிக்கு 5,000 பேர் வந்தால் ஊழியர் நிதி 75,000 டாலர். அதற்கு 556 மேசைகள் வேண்டும். மேசைக்கு 135 டாலர் கூட வரவில்லை. 10,000 டாலர் போட்டிக்கு 100 பேர் வந்தால் நிதி 30,000 டாலர், மேசைகள் 12. மேசைக்கு 2,500 டாலர். ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் குடம் என்றால் ஏழைகளின் மேசைக்கு யாரும் உட்கார மாட்டார்கள், அல்லது உட்கார வைக்கப்படுபவர்கள் புதியவர்களாக இருப்பார்கள். தொடர் முழுவதற்கும் ஒரே குடம் என்றால் நியாயம் கிடைக்கிறது. ஆனால் இறுதி எண்ணிக்கை தெரியும்வரை ஒரு டவுனின் விலை என்ன என்பது யாருக்கும் தெரியாது. தொலைதூரத்திலிருந்து வண்டி ஓட்டி வந்த ஒருவர், தம் கூலி எவ்வளவு என்று தெரியாமலே வேலை செய்கிறார். கூட்டம் குறைந்தால் அவர் கூலியும் குறைகிறது. போட்டிக்கு விளம்பரம் போதவில்லை என்பது அவர் செய்த பிழை அல்ல. ஆனாலும் அதன் விலையில் ஒரு பங்கு அவர் தலையில் விழுகிறது. நல்ல அமைப்பாளர்கள் ஒரு டவுனுக்குக் குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே உறுதி செய்கிறார்கள். இது சலுகை என்று பேசப்படுவது எனக்கு உடன்பாடில்லை. தொழிலின் ஏற்ற இறக்கத்தைச் சுமக்க வேண்டியவர் தொழில் நடத்துபவர்.

அடிப்படைச் சம்பளத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் குறைந்தபட்ச ஊதியம் 2024 ஜூலையிலிருந்து மணிக்கு 12 டாலர். அன்பளிப்பைக் காரணம் காட்டி அதைக் குறைக்க முதலாளிக்கு அங்கே அனுமதி இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ, அன்பளிப்பு பெறும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கையில் கொடுத்தால் போதும் என்கிறது, அன்பளிப்போடு சேர்த்துக் குறைந்தபட்ச ஊதியத்தை எட்டினால் சரி. சில சிறு அமைப்பாளர்கள் டீலரை ஊழியராகவே கருதாமல் தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதிக்கொள்வதும் உண்டு. அப்படி எழுதிவிட்டால், முதலாளி பாதி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகளையும் டீலரே கட்ட வேண்டும், மொத்தம் 15.3 சதவீதம். வேலைக்கு வரும் நேரத்தையும் உட்காரும் மேசையையும் போடும் சட்டையையும் அமைப்பாளரே தீர்மானிக்கும்போது அவரை ஒப்பந்தக்காரர் என்பது எந்த வகையில் பொருந்தும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சரி, யார் இவர்கள்? கோடையில் மட்டும் வருபவர்கள் ஒரு வகை. சொந்த ஊர் விடுதியில் விடுப்பு எடுத்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கணவன் மனைவியாகச் சேர்ந்து வருபவர்கள். மே மாதக் கடைசியில் வந்து ஜூலை நடுவில் திரும்பிவிடுவார்கள். இன்னொரு வகையினருக்கு ஆண்டு முழுவதும் இதுதான் பிழைப்பு. 2005இல் தொடங்கிய இதே தொடரின் ‘சர்க்யூட்’ போட்டிகள் வட கரோலினாவின் செரோக்கீ, இந்தியானாவின் ஹாமண்ட் என்று ஊர் ஊராக நடக்கின்றன. பிற நிறுவனங்களின் தொடர்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் இரு வாரம், அங்கிருந்து காரில் அடுத்த மாநிலம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். ஒருவர் இரவு வேலைக்குப் போகும்போது இன்னொருவர் அதே கட்டிலில் தூங்குவதும் நடக்கும்.

ஊர் மாறும்போது உரிமமும் மாறுகிறது என்பது வெளியாருக்கு எளிதில் தெரியாத செலவு. நெவாடாவில் சூதாட்ட விடுதி ஊழியர் ஒவ்வொருவரும் மாநிலக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கைரேகையோடு பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு செரோக்கீயில் செல்லாது. அங்கே விடுதி பூர்வகுடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்தப் பழங்குடியின் சொந்த ஆணையம்தான் ஊழியரின் பின்னணியை ஆராய்ந்து உரிமம் தரும். அடுத்த பூர்வகுடி விடுதியில் மறுபடி முதலிலிருந்து. ஆண்டுக்கு எட்டு ஊர் சுற்றும் ஒருவர் எட்டுத் தடவை கைரேகை வைத்து, எட்டுத் தடவை கடந்த பத்தாண்டு முகவரிகளை எழுதிக் கொடுக்கலாம். உரிமம் வரத் தாமதமானால் முதல் நாள் வேலை போகும். முதல் நாளில்தான் மேசைகள் அதிகம்.

உரிமம் ஒவ்வோர் ஊரிலும் வேறு என்றாலும், ஆட்ட விதிகள் இன்று பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. டீலர்கள் ஊர் ஊராகப் போக முடிவதற்கு இதுவே பெரிய காரணம். முன்பு ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. 2001இல் மாட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜான் ஃபிஷர், டேவ் லாம்ப் ஆகியோர் போட்டி இயக்குநர்கள் சங்கத்தைத் தொடங்கிப் பொது விதிகளைத் தொகுத்தார்கள். முன்னால் 1,000 பந்தயம் இருக்கும்போது ஒருவர் வாய் திறக்காமல் 5,000 மதிப்புள்ள ஒற்றைச் சில்லை வைத்தால் அது பந்தயத்தை உயர்த்தலா, அந்த 1,000க்குச் சமமாக ஈடுகட்டலா? பொது விதிப்படி அது ஈடுகட்டல்தான். இப்படி நூறு சிறு ஐயங்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில் இருந்தால்தான் நேற்று வந்த டீலர் இன்று காலை மேசையில் உட்கார முடியும்.

ஐரோப்பாவில் இந்த நடமாட்டத்துக்கு வேறொரு வாசல் இருந்தது. 2004இல் தொடங்கிய ஐரோப்பியப் போக்கர் சுற்றுப்பயணம் பார்சிலோனா, பிராக், மான்டி கார்லோ என்று நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் உறுப்பு நாடுகளில் வேலை அனுமதி இல்லாமலே பணிபுரியலாம். தனியாளாகப் பயணம் செய்யும் டீலர்களுக்கு அது பெரும் வசதி. 2020 டிசம்பர் 31உடன் பிரித்தானியா விலகலின் இடைக்காலம் முடிந்தபோது, பிரித்தானிய டீலர்களுக்கு அந்த வாசல் அடைபட்டது.

சீட்டுப் போடுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் உண்டு. சீட்டுக் கட்டை மேசையில் பரப்பிக் கலைத்து, இரண்டு பாதியாக்கிச் செருகி, மறுபடி செருகி, அடுக்கு அடுக்காக எடுத்துப் போட்டு, இன்னொரு முறை செருகி, வெட்டி, அடியில் மறைப்புச் சீட்டு வைத்து, ஒன்பது பேருக்கும் யார் கண்ணிலும் சீட்டின் முகம் படாமல் தாழ்வாக வீச வேண்டும். கலைக்கும் எந்திரம் இல்லாத மேசையில் இவ்வளவும் கையால். மணிக்கு 30 ஆட்டம் நடத்தும் டீலருக்கும் 20 ஆட்டம் நடத்தும் டீலருக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்டக்காரர்தான் உணர்வார். ஒவ்வொரு ஆட்டத்திலும் முறை வருபவர் வைத்தே ஆக வேண்டிய கட்டாயப் பந்தயம் கடிகாரப்படி ஏறிக்கொண்டே போகும். சிறு போட்டிகளில் அரைமணிக்கு ஒரு முறை ஏறும். மெதுவான டீலரின் மேசையில் உட்கார்ந்தவருக்கு நல்ல சீட்டு வரும் வாய்ப்பே மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது.

இது போக்கரில் மிகப் பரவலான வகையான ஹோல்டெம் ஆட்டத்தில். நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, அதாவது ‘பானை’, அளவுக்கு மட்டுமே உயர்த்த முடிகிற பானை வரம்பு ஓமஹா என்றால் டீலர் கணக்கும் போட வேண்டும். நடுவில் 1,000 இருக்கிறது, ஒருவர் 600 வைக்கிறார், அடுத்தவர் “பானை” என்கிறார். அவர் வைக்கக்கூடியது எவ்வளவு? 600 ஈடு, இப்போது நடுவில் 2,200, அந்த 2,200 உயர்த்தல், ஆக 2,800. மூச்சு விடும் நேரத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து, எட்டு, ஒன்பது வகை ஆட்டங்கள் மாறி மாறி வரும் கலப்புப் போட்டிகளில் எந்தச் சுற்றில் எந்தச் சீட்டைத் திறந்து போடுவது, யார் முதலில் பேசுவது என்பதெல்லாம் ஒவ்வொரு வகைக்கும் மாறும். இவற்றைத் தடுமாறாமல் நடத்தும் டீலர்கள் எப்போதும் குறைவு. அமைப்பாளர்கள் தேடிப்பிடித்துத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியவர்கள் இவர்கள்தான். பொதுக் குடமோ எல்லா டவுனையும் ஒரே விலையில் அளக்கிறது.

பிழைகளின் விலையும் சிறிதல்ல. 2006 முதன்மைப் போட்டியில் 8,773 பேர் தலைக்கு 10,000 சில்லுடன் தொடங்கினார்கள். கடைசி மேசையில் 8,77,30,000 இருந்திருக்க வேண்டும். அதைவிட 20 லட்சத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது. சிறு சில்லுகளை வாங்கிக்கொண்டு பெரிய சில்லுகளாக மாற்றித் தரும் இடைவேளைகளில் நேர்ந்த பிழை என்றே பெரிதும் பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான மேசைகளில், அவசரத்தில், புதியவர்கள் பலர் இருக்கும் அரங்கில் அந்த மாற்றம் நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தவறுக்குப் பெயர் டீலருடையது. பயிற்சிக்குப் போதிய நாள் கொடுக்காமல் மேசையில் உட்கார வைத்த முடிவு வேறொருவருடையது.

மேசையில் வாங்கும் வசையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடைசிச் சீட்டில் தோற்றவர் சீட்டை டீலரின் முகத்தை நோக்கி எறிவது இந்தத் தொழிலில் புதிதல்ல. விதிப்படி அவரைச் சில சுற்றுகள் வெளியே உட்கார வைக்கலாம். நிரந்தர ஊழியர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுப் புகார் சொல்வார். மேற்பார்வையாளர் அவரை அறிந்தவர். இரு வாரத்துக்கு வந்தவர், அடுத்த ஊருக்கு அழைப்பு வராமல் போய்விடுமோ என்று விழுங்கிக்கொள்வார்.

கூட்டம் பெருகிய பிறகு செய்யப்பட்ட மாற்றங்கள் சில டீலரின் சுமையைக் குறைத்திருக்கின்றன. முன்பு பிந்தைய சுற்றுகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்பது பேரிடமும் தனித்தனியாக ‘ஆன்டி’ என்ற சிறு கட்டாயத் தொகையை வசூலிக்க வேண்டும். யாராவது ஒருவர் வைக்க மறந்திருப்பார், யாரென்று கண்டுபிடிக்கவே நேரம் போகும். இப்போது பெரிய கட்டாயப் பந்தயம் வைப்பவரே எல்லோருக்குமாகச் சேர்த்து வைத்துவிடுகிறார். ஆட்டத்துக்குச் சில விநாடிகள் மிச்சம், ஒரு டவுனில் ஓரிரு ஆட்டங்கள் கூடுதல். இதில் ஆட்டக்காரருக்கும் ஆதாயம் என்பதால் விரைவில் பரவியது. டீலருக்கு மட்டும் ஆதாயம் தரும் மாற்றங்கள் அந்த வேகத்தில் பரவுவதில்லை.

பழைய டீலர்கள் ஒரு புதிய தொடருக்கு அழைப்பு வந்தால் பரிசுத்தொகை எவ்வளவு என்று கேட்பதில்லை. அவர்கள் கேட்பவை: ஒரு டவுனுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு உறுதி? ஒரு நாளைக்கு எத்தனை டவுன் உறுதி? அறை தருவீர்களா, எத்தனை பேர் ஓர் அறையில்? உரிமக் கட்டணம் யாருடையது? சம்பளம் தொடர் முடிந்த அன்றா, மூன்று வாரம் கழித்துத் தபாலிலா? இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தரும் இடத்துக்கு அனுபவசாலிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், தெரிந்தவர்களையும் அழைத்து வருகிறார்கள். “வந்து பாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் இடத்தில், 445 மேசைகளும் நிரம்பிய அந்த நண்பகலில், போன மாதம் பயிற்சிப் பள்ளியை முடித்தவர் பக்கத்து அரங்கின் ஓமஹா மேசையில் உட்கார்ந்து 2,800ஐக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பணம் கட்டியவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.